நாணயமே முதல்! காஞ்சியில் வேரூன்றிய கூட்டுறவின் கதை

காஞ்சிபுரத்தில் பொழுது புலரும் நேரம். ஏகாம்பரநாதர் கோவில் கோபுரத்தின் உச்சியில் இளவெயில் படுகிறது. பிள்ளையார்பாளையத்துத் தெரு ஒன்றில் ஆண்களும் பெண்களுமாகச் சிலர் கூடியிருக்கிறார்கள். தெருவின் நீளத்துக்குப் பட்டு இழைகளை நீட்டிக் கட்டியிருக்கிறார்கள். ஆயிரக்கணக்கான இழைகள்!

இதற்குத்தான் பாவு என்று பெயர். சேலையின் நீளவாட்டத்தில் ஓடும் இழைகள் இவை. ஒரு பாவில் சாதாரணமாக மூன்று சேலை நெய்யலாம்.

ஒருவர் இழுத்துப் பிடிக்கிறார். ஒருவர் இழைகளை விலக்கிப் பார்க்கிறார். ஓர் அம்மாள் அறுந்த இழையை விரலால் முறுக்கி ஒட்ட வைக்கிறார். பாவு என்னவோ ஒரு வீட்டுக்குச் சொந்தமானதுதான். ஆனால் தெருவே வந்து கை கொடுக்கிறது. இன்று உன் பாவு. நாளை என் பாவு. எந்தச் சட்டமும் இவர்களுக்கு இதைச் சொல்லித் தரவில்லை. தனி ஆளால் பாவு நீட்ட முடியாது என்பது தொழில் கற்றுத் தந்த பாடம்.

பட்டு இழையில் இத்தனை ஒற்றுமை காட்டுகிறோமே, பணத்தில் மட்டும் ஏன் தனித்தனியாக நின்று தவிக்கிறோம்? இந்தக் கேள்விக்கு விடை தேடிய ஊர்களில் முன்வரிசையில் நிற்கும் ஊர் காஞ்சிபுரம். அந்தக் கதையைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறோம்.

கடன் என்னும் கயிறு

முதலில் ஒரு கணக்கு. கற்பனையான குடும்பம்தான். ஆனால் கணக்கு கற்பனை அல்ல.

பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர். வீட்டில் ஒரு தறி. அவரும் மனைவியும் சேர்ந்து நெய்கிறார்கள். ஒரு நாள் மாமியாருக்கு உடம்பு சரியில்லை.

"என்னங்க, ஆஸ்பத்திரியிலே பத்தாயிரம் ரூபா கட்டச் சொல்றாங்க. கையிலே ஆயிரம் கூட இல்லையே?" என்கிறாள் மனைவி.

அவர் ஓடுகிறார். வட்டிக்குக் கொடுப்பவர் ஒருவர் தருகிறார். நூற்றுக்கு ஐந்து வட்டி. அதாவது, நூறு ரூபாய்க்கு மாதம் ஐந்து ரூபாய். கேட்கும்போது கொஞ்சமாகத்தான் தெரியும். பத்தாயிரத்துக்கு மாதம் 500 ரூபாய். ஒரு வருஷத்துக்கு 6,000 ரூபாய். பத்து மாதம் ஒழுங்காக வட்டி கட்டினால் 5,000 ரூபாய் போய்விடும். அதற்குப் பிறகு அசல் எவ்வளவு பாக்கி? அதே பத்தாயிரம்! ஒரு ரூபாய்கூடக் குறைந்திருக்காது.

வட்டிக்காரரிடம் போகாமல், வேலை தருகிற முதலாளியிடமே முன்பணம் வாங்குவது இன்னொரு வழி. அதற்கு வட்டி இல்லை என்று தோன்றும். ஆனால் அந்தக் கடன் தீரும் வரை வேறு யாருக்கும் நெய்யக் கூடாது. கூலி குறைவாக இருந்தாலும் கேட்க வாய் வராது. கடன் வாங்கியது மனிதர், கட்டுண்டது தறி.

இந்தக் கயிறு குழந்தைகளையும் சுற்றியது உண்டு. காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். அதை நெய்ய ஓர் ஆள் போதாது. பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு உரிய நாடாவைத் தள்ள இன்னொரு கை வேண்டும். பல வீடுகளில் அது பிஞ்சுக் கையாக இருந்தது. பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாகப் பிள்ளைகள் தறியில் உட்கார்ந்தார்கள். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. அப்படியும் 2003இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு, இந்தியப் பட்டுத் தொழிலில் கடனுக்காக உழைக்கும் சிறுவர்களைப் பற்றி எழுதியபோது, காஞ்சிபுரத்தின் பெயரும் அதில் இருந்தது. அதே 2003இல் கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் முதலியவற்றைத் தடுக்கத் தமிழ்நாடு அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது.

சட்டம் வேண்டியதுதான். ஆனால் அவசரத்துக்குப் பத்தாயிரம் ரூபாய் யார் தருவார்கள்? அதற்குச் சட்டத்தில் பதில் இல்லை. பதில் சங்கத்தில் இருக்கிறது.

அதே பத்தாயிரம், வேறு வழி

நம் நெசவாளரின் பக்கத்து வீட்டுத் தம்பி ஒரு சங்கத்தில் அங்கத்தினர் என்று வைத்துக்கொள்வோம்.

"அண்ணே, எங்க சங்கத்திலே நீங்களும் சேர்ந்திருந்தா இந்தக் கஷ்டமே வந்திருக்காதே!" என்கிறார் அவர்.

"சேரலாம்தான் தம்பி. ஆனா ஈடு வைக்க என்கிட்டே என்ன சொத்து இருக்கு?"

"இத்தனை வருஷமா இந்தத் தெருவிலே இருக்கீங்க. எடுத்த பட்டைத் திருப்பித் தராம இருந்திருக்கீங்களா? சொன்ன சொல் தவறியிருக்கீங்களா? அதுதான் அண்ணே சொத்து!"

பக்கத்து வீட்டுத் தம்பி சொன்னது வெறும் பேச்சல்ல. இந்தச் சங்கங்களின் அஸ்திவாரமே அதுதான். நம் பெரியவர்கள் இவற்றுக்கு இட்ட பெயரைப் பாருங்கள். ஐக்கிய நாணயச் சங்கம். கூட்டுறவு நாணயச் சங்கம். தமிழில் நாணயம் என்றால் காசு. நாணயம் என்றால் நேர்மையும்தான். காசு இல்லாதவனிடமும் நேர்மை இருக்கலாம். அந்த நேர்மையை ஒன்று சேர்த்தால் காசு பிறக்கும். இதுதான் நாணயச் சங்கத்தின் ரகசியம்.

எப்படிப் பிறக்கும்? இருநூறு பேர் சேர்கிறார்கள். வாரம் ஆளுக்கு 50 ரூபாய் போடுகிறார்கள். ஒரு வாரத்தில் சேருவது 10,000 ரூபாய். ஆக, ஒவ்வொரு வாரமும் ஒரு குடும்பத்தின் அவசரத்துக்குப் பணம் தயார்! ஒரு வருஷம் விடாமல் போட்டால் 5,20,000 ரூபாய் சேரும். சிறு துளி பெரு வெள்ளம் என்பது இதுதானே?

இப்போது பழைய கடனை இந்தச் சங்கத்தில் வாங்கினால் என்ன ஆகும்? உதாரணத்துக்கு, வட்டி வருஷத்துக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு. அதாவது மாதம் நூற்றுக்கு ஒன்று. மாதம் ஆயிரம் ரூபாய் அசலில் கழிக்க வேண்டும். முதல் மாதம் வட்டி 100 ரூபாய். அசல் குறைந்துவிட்டதால் அடுத்த மாதம் 90. பிறகு 80. இப்படியே குறைந்து பத்தாவது மாதம் 10 ரூபாய். மொத்த வட்டி 550 ரூபாய். கடனும் தீர்ந்தது!

வட்டிக்காரரிடம் பத்து மாதத்தில் முழுக் கடனையும் தீர்க்க 15,000 ரூபாய் வேண்டும். சங்கத்தில் 10,550 ரூபாய் போதும். மிச்சம் 4,450 ரூபாய். அது பிள்ளைகளின் படிப்புக்கு ஆகும். இன்னொரு லாபமும் உண்டு. சங்கத்துக்குக் கட்டிய 550 ரூபாய் வெளியே போகவில்லை. அங்கத்தினர்களின் பொதுப் பெட்டிக்கே திரும்பி வந்தது.

செப்பேடு சொல்லும் செய்தி

ஊர் கூடிப் பணப் பொறுப்பை ஏற்பது காஞ்சிக்குப் புதிதல்ல. பத்தாம் நூற்றாண்டில் ஆண்ட உத்தம சோழன் காலத்துச் செப்பேடு ஒன்று சென்னை அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. காஞ்சியில் ஊரகம் என்னும் உலகளந்த பெருமாள் கோவிலைப் பற்றியது அது. அந்தக் கோவிலின் பொன்னை நகரத்துச் சேரிகளில் வட்டிக்குக் கொடுத்திருந்தார்கள். சேரி என்றால் அந்தக் காலத்தில் குடியிருப்புப் பகுதி என்று பொருள். அந்த வட்டியிலிருந்து கோவில் செலவுகள் நடந்தன. கோவில் காரியங்களைக் கவனிக்கும் பொறுப்பு பட்டசாலிகள் என்று செப்பேடு குறிப்பிடும் நெசவாளர்களிடம் இருந்தது.

ஒரு தனி மனிதரை நம்பிப் பொன்னைக் கொடுக்கவில்லை. ஒரு குடியிருப்பையே நம்பிக் கொடுத்தார்கள். ஆயிரம் ஆண்டுக்கு முன்பே இந்த ஊர் நெசவாளர் சொல்லுக்கு இருந்த மதிப்பு அது.

ரொட்டி கொடுத்த ஊர்த் தலைவர்

காலச் சக்கரம் சுழன்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நாடெங்கும் குடியானவர்களும் கைத்தொழிலாளரும் கடனில் மூழ்கிக் கிடந்தார்கள். பஞ்சம் வேறு வாட்டியது. சென்னை அரசாங்கம் 1892இல் பிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை அழைத்தது. ஐரோப்பாவில் ஏழைகளுக்குக் கடன் தரும் சங்கங்கள் நடக்கின்றனவாமே, அவை இங்கே வேர்விடுமா என்று ஆராயச் சொன்னது.

நிக்கல்சன் இரண்டு பெரிய அறிக்கைகள் எழுதினார். ஒன்று 1895இல் வந்தது; மற்றொன்று 1897இல் வந்தது. சென்னை மாகாணத்தில் நம்மவர்கள் தாங்களே நடத்திவந்த நிதிகளையும் அவர் கவனித்தார். அவர் கண்ட முடிவின் சாரம் மிகவும் சுருக்கமானது. பணத்தைத் தேடுவதற்கு முன் ரைஃபைசனைப் போன்ற மனிதரைத் தேட வேண்டும் என்பதே அது.

யார் இந்த ரைஃபைசன்? 1818இல் ஜெர்மனியில் பிறந்தவர். சிறு கிராமங்களுக்குத் தலைவராக இருந்தவர். 1846, 1847 ஆண்டுகளில் அங்கே கொடிய பஞ்சம் வந்தது. ஊரில் வசதி உள்ளவர்களைச் சேர்த்து, மாவு வாங்கி, ரொட்டி சுட்டு ஏழைகளுக்குக் கொடுத்தார். பசி தீர்ந்தது. ஆனால் கடன் தீரவில்லை. பிறர் இரக்கத்தை நம்பி எத்தனை நாள் வாழ முடியும் என்று அவர் யோசித்தார். 1864இல் ஹெடஸ்டார்ப் என்ற ஊரில் கடன் சங்கம் ஒன்றை அமைத்தார். கடன் வாங்குபவரே அதில் அங்கத்தினர், பொறுப்பாளி.

பட்டணத்துக் கைத்தொழிலாளருக்காக ஷூல்ட்ஸ் டெலிட்ஷ் என்ற இன்னொரு ஜெர்மானியர் 1850இலேயே கடன் சங்கம் கண்டிருந்தார். இங்கிலாந்தில் ரோச்டேல் என்ற ஊர். அங்கே நெசவாளர் உள்ளிட்ட 28 தொழிலாளர்கள் 1844இல் ஒரு பண்டக சாலையைத் திறந்தார்கள். வெண்ணெய், சர்க்கரை, மாவு, மெழுகுவர்த்தி. அவ்வளவுதான் கடைச் சரக்கு! ஆனால் ஆளுக்கு ஒரு வோட்டு, லாபத்தில் பங்கு என்று அவர்கள் வகுத்த விதிகள் உலகெங்கும் பரவின. தறியில் உட்கார்ந்தவர்கள் உலகத்துக்குச் சொன்ன பாடம் அது.

1904, காஞ்சிபுரம்

1904இல் கர்சன் பிரபு வைசிராயாக இருந்தபோது கூட்டுறவு நாணயச் சங்கச் சட்டம் வந்தது. சட்டம் கேட்டது அதிகம் அல்ல. ஒரே ஊரையோ ஒரே வகுப்பையோ சேர்ந்த பத்துப் பேர் கூடினால் போதும். ஒரு சங்கம் அமைக்கலாம். சென்னை மாகாணத்தில் முதல் ரிஜிஸ்திராராக, அதாவது பதிவாளராக, நியமிக்கப்பட்டவர் பி. ராஜகோபாலாச்சாரி. பின்னாளில் திருவிதாங்கூர் திவானாக விளங்கியவர் அவர்.

சட்டம் வந்தவுடன் முதலில் எழுந்து நின்றது எது? பம்பாயா? கல்கத்தாவா? இல்லை! நம் பழைய செங்கற்பட்டு ஜில்லா! திருவள்ளூர்ப் பக்கத்துத் திரூர் கிராமத்தில் 1904இல் விவசாயிகளுக்கான முதல் நாணயச் சங்கம் பதிவாயிற்று. அதே ஆண்டு அக்டோபர் மாதம் காஞ்சிபுரத்தில் ஒரு சங்கம் பதிவாயிற்று. அந்தச் சட்டத்தின் கீழ் இந்தியாவிலேயே பதிவான முதல் நகரக் கூட்டுறவு நாணயச் சங்கம் என்று ரிசர்வ் வங்கி எழுதும் வரலாற்றில் அதற்கு இடம் உண்டு. அதே வருஷம் ஏப்ரலில் சென்னைத் திருவல்லிக்கேணியில் சிலர் கூடி, ரோச்டேலைப் பின்பற்றிப் பண்டக சாலைச் சங்கம் ஒன்றைத் தொடங்கியிருந்தார்கள். ஒரே வருஷத்தில், ஒரே பிராந்தியத்தில் மூன்று விதைகள்!

இன்று நாடெங்கும் நூற்றுக்கணக்கான நகரக் கூட்டுறவு வங்கிகள் இருக்கின்றன. அந்த வரிசையின் தொடக்கத்தில் நம் காஞ்சியின் பெயர் இருக்கிறது. பட்டுக்கும் கோவிலுக்கும் மட்டும் அல்ல, இதற்கும் காஞ்சி பெருமைப்பட வேண்டும் அல்லவா?

கடல் கடந்த பாடம்

இந்தியக் கிராமத்துச் சங்கங்கள் அமெரிக்காவுக்கே வழி காட்டியிருக்கின்றன!

எட்வர்ட் ஃபைலீன் பாஸ்டன் நகரத்தின் பெரிய வியாபாரி. 1907இல் உலகப் பயணமாக இந்தியாவுக்கு வந்தார். வங்காளத்துக் கிராமங்களில் கூட்டுறவு நாணயச் சங்கங்களைப் பார்த்தார். எழுதப் படிக்கத் தெரியாத குடியானவர்கள் ஒன்றுகூடி, யாருக்குக் கடன் கொடுக்கலாம் என்று தாங்களே முடிவு செய்வதைக் கண்டு வியந்தார். ஊர் திரும்பியதும் இதை நம் நாட்டிலும் செய்யலாமே என்று முனைந்தார்.

அதற்கு முன்பே, 1900இல், கனடாவின் லெவி நகரத்தில் அல்ஃபோன்ஸ் தெஜார்தான் என்பவர் மக்கள் சங்கம் ஒன்றை நிறுவியிருந்தார். அடுத்த ஆண்டு ஜனவரியில் அங்கே விழுந்த முதல் சேமிப்பு எவ்வளவு தெரியுமா? பத்து சென்ட்! அவர் உதவியுடன் 1908இல் அமெரிக்காவின் மான்செஸ்டர் என்ற ஆலை நகரத்தில் முதல் சங்கம் எழுந்தது. 1909இல் மாசசூசெட்ஸ் மாநிலம் இதற்கென்று சட்டம் செய்தது. 1934இல் அமெரிக்க மத்திய அரசே சட்டம் இயற்றியது.

அங்கே இவற்றுக்குக் கிரெடிட் யூனியன் என்று பெயர். இன்று நூறுக்கும் மேற்பட்ட நாடுகளில் கோடிக்கணக்கான மக்கள் இவற்றில் அங்கத்தினர். கிரெடிட் என்ற சொல்லின் வேர் லத்தீன் மொழியில் இருக்கிறது. அந்த வேருக்கு நம்புதல் என்று பொருள். நாம் நாணயம் என்றோம். அவர்கள் நம்பிக்கை என்றார்கள். எங்கே போனாலும் இந்தத் தொழிலின் முதல் ஒன்றுதான்!

தறிக்குள் வந்த கூட்டுறவு

1904இன் சட்டம் கடன் சங்கங்களுக்கு மட்டுமே இடம் கொடுத்தது. 1912இல் வந்த சட்டம் வாங்குவது, விற்பது, உற்பத்தி செய்வது முதலிய காரியங்களுக்கும் கதவைத் திறந்தது. அந்தக் கதவின் வழியாகத்தான் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் உள்ளே வந்தன. 1935இல் பிறந்தது இன்று கோ-ஆப்டெக்ஸ் என்று நாம் அழைக்கும் மாகாணச் சங்கம்.

பட்டு நெசவுக்கு இது எவ்வளவு தேவை என்பது சரக்கின் விலையைப் பார்த்தால் தெரியும். கச்சாப் பட்டு கர்நாடகத்திலிருந்து வருகிறது. சரிகைக்குப் பேர் போன ஊர் சூரத். பட்டு இழையின் மேல் மெல்லிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதற்குத் தங்க முலாம் பூசுவார்கள். அதுதான் சரிகை. கூலிக்கு நெய்பவர் இவற்றைக் கைக்காசு போட்டு வாங்க முடியுமா? முடியாது. அதனால்தான் பட்டு கொடுப்பவரை அண்டி வாழ நேர்ந்தது.

சங்கம் இந்த முடிச்சை அவிழ்க்கிறது. அங்கத்தினருக்குச் சங்கமே பட்டும் சரிகையும் நிறுத்துத் தருகிறது. அவர் வீட்டுத் தறியில் நெய்து சேலையைக் கொண்டுவருகிறார். சங்கத்தில் எடை பார்த்து, தரம் பார்த்துக் கூலி தருகிறார்கள். சேலையை விற்கும் பாடு சங்கத்தைச் சேர்ந்தது. லாபம் வந்தால் போனஸ் உண்டு. காஞ்சிபுரத்தில் காமாட்சி அம்மன், முருகன், அறிஞர் அண்ணா ஆகிய பெயர்களைத் தாங்கிய பட்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் இந்த முறையில் அமைந்தவையே. அண்ணா 1909இல் இந்த ஊரில் பிறந்தவர். 1953இல் கைத்தறி நெசவாளர் துன்பத்தைக் கண்டு, தாமே தெருவில் இறங்கிக் கைத்தறித் துணி விற்றவர்.

சங்கத்தின் கூலியில் சேமிப்பும் உண்டு. தமிழ்நாட்டில் கூட்டுறவு நெசவாளர்களுக்கான சேமிப்பு, பாதுகாப்புத் திட்டத்தில் கூலியில் ஒவ்வொரு ரூபாய்க்கும் எட்டுக் காசை நெசவாளர் போடுகிறார். அரசு தன் பங்காக நான்கு காசு சேர்க்கிறது. எட்டுக் காசு என்ன பெரிய காசு என்று நினைக்க வேண்டாம். நெய்கிற ஒவ்வொரு நாளும் அது விழுந்துகொண்டே இருக்கிறது. கை தளர்ந்த காலத்தில் அதுவே ஊன்றுகோல்.

நெசவாளர் மட்டும் அல்ல, வீட்டுப் பெண்களும் இந்த வழியைக் கண்டுகொண்டார்கள். 1989இல் தருமபுரியில் அரசின் திட்டமாகத் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் இன்று தமிழகம் எங்கும் இருக்கின்றன. பத்துப் பதினைந்து பெண்கள் திண்ணையில் உட்கார்ந்து, நோட்டுப் புத்தகத்தில் கணக்கு எழுதிக் கடன் கொடுத்து வாங்குகிறார்கள். வீட்டில் பருப்பு டப்பாவில் ஒளித்து வைத்த காசு வெளியே வந்து வேலை செய்கிறது!

சங்கம் எப்படிச் சாகிறது?

இத்தனை நல்லதையும் சொல்லிவிட்டுக் கெட்டதை மறைத்தால் அது நாணயம் ஆகாது. கூட்டுறவு என்று பலகை மாட்டியவை எல்லாம் வாழ்ந்துவிடவில்லை. தமிழ்நாட்டில் பல சங்கங்கள் நொடித்திருக்கின்றன. தேர்தல் நடக்காமல் தனி அலுவலர்கள் வருஷக் கணக்கில் நிர்வாகம் செய்த காலங்களும் உண்டு. நெய்யாதவர் பெயரில் அங்கத்தினர் கணக்கு, தறியே இல்லாத வீட்டுக்குத் தறி எண் என்ற புகார்களும் கைத்தறிச் சங்கங்களின் மேல் எழுந்தது உண்டு.

பெரிய உதாரணமும் ஒன்று உண்டு. 2019இல் மும்பையில் பி.எம்.சி. கூட்டுறவு வங்கி என்ற பெரிய வங்கி தடுமாறி விழுந்தது. தன் கடனில் மிகப் பெரும் பகுதியை ஒரே கட்டட நிறுவனக் குழுமத்துக்குக் கொடுத்து, அதைப் போலிக் கணக்குகளால் மறைத்திருந்தது. சேமித்த ஏழை எளியவர்கள் தங்கள் பணத்தையே எடுக்க முடியாமல் வாசலில் நின்று கண்ணீர் விட்டார்கள். அந்த வங்கியில் பணத்துக்குக் குறைவில்லை. குறைந்துபோனது நாணயம்.

சிறிய சங்கத்திலும் இதே கதைதான். நம் இருநூறு பேர் சங்கத்தை மறுபடி பாருங்கள். ஒருவர் 10,000 ரூபாய் வாங்கிக்கொண்டு கைவிரித்துவிட்டார். ஆளுக்கு எவ்வளவு நஷ்டம்? 50 ரூபாய். ஒரு வாரச் சேமிப்பு. தாங்கிக்கொள்ளலாம். அவரைப் பார்த்து இருபது பேர் கைவிரித்தால்? இரண்டு லட்சம் ரூபாய். ஆளுக்கு ஆயிரம் ரூபாய். இருபது வாரம் வயிற்றைக் கட்டிச் சேர்த்தது பாழ்! வட்டிக்காரரை ஏமாற்றினால் அவர் ஒருவருக்கு நஷ்டம். சங்கத்தை ஏமாற்றினால் பக்கத்து வீட்டு அம்மாளின் அரிசிப் பானையில் கை வைத்ததாக ஆகும்.

"சங்கத்துக் கடன்தானே, தள்ளுபடி ஆகிவிடும்" என்று சிலர் இருந்துவிடுகிறார்கள். ஒழுங்காகக் கட்டியவர் ஏமாளி என்று ஆனால், அடுத்த வருஷம் யார் கட்டுவார்கள்?

கேட்க வேண்டிய கேள்விகள்

ஆகவே வாசகர்களே, எந்தச் சங்கத்தில் சேர்ந்தாலும் வாய் திறந்து கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. நீங்கள் வாடிக்கைக்காரர் அல்ல, சொந்தக்காரர்.

இந்த வருஷக் கணக்கைத் தணிக்கை செய்தாயிற்றா? பொதுக்குழு கூடியதா? வராத கடன் எவ்வளவு? நிர்வாகிகளும் அவர்கள் உறவினரும் வாங்கிய கடன் எவ்வளவு? என் பாஸ் புத்தகத்தில் உள்ள தொகையும் சங்கப் பேரேட்டில் உள்ள தொகையும் ஒன்றுதானா? இந்த ஐந்து கேள்விகளையும் கேளுங்கள். நல்ல நிர்வாகி கோபப்பட மாட்டார். கோபப்பட்டால் அங்கேயே உஷாராகிவிட வேண்டும்.

இன்னொரு விஷயமும் தெரிந்திருக்கட்டும். கூட்டுறவு வங்கியில் போட்ட பணத்துக்கு 2020 முதல் ஆளுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை இன்ஷூரன்ஸ் பாதுகாப்பு உண்டு. வங்கி உரிமம் இல்லாத சிறு சங்கங்களுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. அங்கே உங்கள் கண்ணே காவல்.

இன்று கைப்பேசியைத் தொட்டால் போதும், நொடியில் கடன் தருகிறோம் என்று ஆசை காட்டும் செயலிகள் வந்திருக்கின்றன. முகம் தெரியாதவர் கொடுக்கிறார். தவணை தவறினால் நம் முகத்தையே ஊராருக்குக் காட்டி அவமானப்படுத்துபவர்களும் அவர்களில் உண்டு. முகம் தெரிந்தவர்கள் கூடிக் கொடுக்கும் சங்கத்தின் அருமை இப்போதுதான் இன்னும் நன்றாகப் புரிகிறது. 2012ஐயும் 2025ஐயும் ஐக்கிய நாடுகள் சபை சர்வதேசக் கூட்டுறவு ஆண்டுகளாக அறிவித்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை.

மறுபடி அந்தத் தெருவுக்கு

வெயில் ஏறிவிட்டது. பிள்ளையார்பாளையத்துத் தெருவில் பாவைச் சுருட்டுகிறார்கள். கை கொடுத்தவர்கள் அவரவர் தறிக்குத் திரும்புகிறார்கள். யாரும் கூலி கேட்கவில்லை. நாளைக்குத் தன் பாவுக்கு இவர்கள் வருவார்கள் என்று ஒவ்வொருவருக்கும் தெரியும். அந்த நம்பிக்கைக்குப் பத்திரம் இல்லை, முத்திரை இல்லை. ஆனால் அது ஒரு நாளும் பொய்த்ததில்லை என்பதால் தெரு ஓடிக்கொண்டிருக்கிறது.

தனி இழையைக் குழந்தையும் அறுத்துவிடும். ஆயிரம் இழை சேர்ந்து பாவாகிவிட்டால், அது மூன்று கல்யாணத்துக்குச் சேலை தரும். இடையில் ஓர் இழை அறுந்தால் அதை உடனே கண்டு ஒட்ட வைக்க வேண்டும். கவனியாமல் விட்டால் சேலை முழுவதும் அந்தக் குறை ஓடும். சங்கமும் அப்படியே.

1904இல் காஞ்சியில் சங்கம் கண்டவர்கள் நமக்கு ஒரு பாவை நீட்டிக் கொடுத்துப் போயிருக்கிறார்கள். இழை அறாமல் நெய்வது நம் பொறுப்பு. அதற்கு வேண்டிய முதல் பெரிதல்ல. வாரம் ஐம்பது ரூபாயும், சொன்ன தேதியில் கடனைக் கட்டும் நாணயமும் போதும்!